காரின் ஸ்பீக்கர்களை மாற்றுவோர் கதவையும் கவனிக்க வேண்டும்

காருடன் வரும் ஸ்டீரியோவின் ஒலி மங்கலாக இருந்தால் பெரும்பாலும் குறை ஸ்டீரியோவில் இருப்பதில்லை. மெல்லிய காகிதக் கூம்பும் சிறிய காந்தமும் கொண்ட ஸ்பீக்கர்களிலும், அவை பொருத்தப்பட்டிருக்கும் கதவுகளிலும்தான் இருக்கிறது. ஆகவே ஸ்டீரியோவை அப்படியே விட்டுவிட்டு முன்கதவு ஸ்பீக்கர்கள் இரண்டை மட்டும் முதலில் மாற்றலாம். ஓட்டுபவர் கேட்பது முன்னாலிருந்து வரும் ஒலியைத்தான் என்பதால், பின்கதவுகளுக்கு ஒதுக்கிய பணத்தையும் முன்கதவுகளுக்கே செலவிடுவது நல்லது.

ஸ்பீக்கர் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் 300 வாட், 400 வாட் என்ற எண்களைப் பார்த்து வாங்க வேண்டாம். அவை ஒரு கணம் தாங்கக்கூடிய உச்ச அளவுகள். காருடன் வரும் ஸ்டீரியோ ஒரு சேனலுக்கு, அதாவது ஒரு ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து தருவதோ ஏறக்குறைய 15 முதல் 20 வாட் மட்டுமே. இந்தக் குறைந்த சக்தியில் உரக்க ஒலிக்க வேண்டுமானால் பார்க்க வேண்டியது டெசிபலில் தரப்படும் உணர்திறன், அதாவது குறிப்பிட்ட சக்தியில் ஸ்பீக்கர் எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்ற அளவு. 3 டெசிபல் கூடுதலாக உள்ள ஸ்பீக்கர், பாதிச் சக்தியிலேயே அதே உரப்பைத் தரும். 90 டெசிபலுக்கு மேல் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் சில நிறுவனங்கள் 1 வாட்டிலும் சில 2.83 வோல்ட்டிலும் அளக்கின்றன. மின்தடை 4 ஓம் உள்ள ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்பது 2 வாட் ஆகிவிடுவதால், அப்படி அளந்த எண்ணில் 3 டெசிபலைக் கழித்துவிட்டே ஒப்பிட வேண்டும். பழைய ஸ்பீக்கரின் பின்புறத்தில் எத்தனை ஓம் என்று எழுதியிருக்கிறதோ, புதியதும் அதே ஓம் கொண்டதாக இருக்கட்டும்.

6.5 அங்குலம் என்ற அளவு பொருந்தினால் மட்டும் போதாது. கண்ணாடியை முழுவதும் இறக்கிய நிலையில் அதற்கும் ஸ்பீக்கர் துளைக்கும் இடையே உள்ள ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். இல்லையேல் காந்தம் கண்ணாடியில் இடிக்கும்.

வேலையைத் தொடங்குமுன் கண்ணாடியை ஏற்றிவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். ஸ்டீரியோவுக்குப் பாதுகாப்புக் குறியீட்டெண் உண்டென்றால் அதை முன்னதாகவே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். உள்கைப்பிடிக்குப் பின்னாலும் கைவைக்கும் இடத்திலும் மறைந்திருக்கும் ஸ்க்ரூக்களை அகற்றிய பிறகு, பிளாஸ்டிக் நெம்புகோலால் கிளிப்புகளை ஒவ்வொன்றாக விடுவித்து, கதவின் உட்புற மூடியான டோர் பேடை மெதுவாக வெளியே எடுங்கள். ஓரிரு கிளிப்புகள் உடையத்தான் செய்யும். முன்கூட்டியே சில உதிரிக் கிளிப்புகளை வாங்கி வைப்பது நலம்.

ஸ்பீக்கர் கூம்பின் முன்புறம் எழுப்பும் ஒலியும் பின்புறம் எழுப்பும் ஒலியும் ஒன்றுக்கொன்று எதிரானவை. இரண்டும் கலந்தால் முதலில் காணாமல் போவது பேஸ் எனப்படும் கனத்த ஒலி. ஆகவே கதவே ஸ்பீக்கரின் பெட்டி என்று கருதி வேலை செய்ய வேண்டும். ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் உள்ள வெளித்தகட்டைத் துடைத்து, தகட்டின் அதிர்வைக் குறைக்கும் பியூட்டைல் டேம்பிங் ஷீட்டை ஒட்டி, உருளையால் அழுத்துங்கள். அடிப்புறத்திலுள்ள நீர் வடியும் துளைகளை மட்டும் எக்காரணம் கொண்டும் அடைத்துவிடக் கூடாது. பொருத்தும் வளையத்துக்கும் தகட்டுக்கும் இடையே நுரைப்பட்டை வைத்து இடைவெளியே இல்லாமல் இறுக்குங்கள். உள்ளிருக்கும் பாலிதீன் தாளைக் கிழித்தெறிந்துவிடாமல் பழையபடியே ஒட்டிவிடுங்கள். மழைநீர் காருக்குள் வராமல் தடுப்பது அதுதான். கடைக்காரர்கள் பெரும்பாலும் தவிர்க்கப் பார்ப்பது இந்த வேலையைத்தான், ஆனால் விலை உயர்ந்த ஸ்பீக்கரை வெறும் தகட்டில் மாட்டுவதைவிட நடுத்தர ஸ்பீக்கரை இவ்வாறு மாட்டுவதையே நான் விரும்புவேன்.

காரின் வயரை வெட்டாமல் அந்த மாடலுக்குரிய கப்ளரை (வயர் இணைப்பானை) வாங்கிப் பயன்படுத்துங்கள். பாசிட்டிவ் எது என்ற ஐயம் எழுந்தால், ஸ்டீரியோவுடன் இணைக்காத ஸ்பீக்கரின் முனைகளில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். கூம்பு வெளிநோக்கி நகர்ந்தால் பேட்டரியின் பாசிட்டிவ் தொட்ட முனையே ஸ்பீக்கரின் பாசிட்டிவ். முதன்முறை நான் ஒரு பக்க ஸ்பீக்கரில் பாசிட்டிவையும் நெகட்டிவையும் மாற்றி இணைத்துவிட்டு, புதிய ஸ்பீக்கரில் பேஸே இல்லையே என்று இரண்டு நாள் குழம்பினேன்.

டோர் பேடை மாட்டுவதற்கு முன்பே காரின் பேட்டரியை இணைத்து, இரு பக்கங்களையும் தனித்தனியாக ஒலிக்கவிட்டு, கண்ணாடியை ஏற்றி இறக்கிச் சோதியுங்கள். ஸ்டீரியோவில் மிகத் தாழ்ந்த ஒலிகளை வடிகட்டும் ஹை-பாஸ் வசதி இருந்தால் அதை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். பேஸ் பூஸ்டை அணைத்துவிடுங்கள். அதன் பிறகும் கதவு கடகடத்தால், பாட்டு ஓடும்போதே டோர் பேடை ஆங்காங்கே விரலால் அழுத்திப் பாருங்கள். சத்தம் அடங்கும் இடத்தில் ஒரு கிளிப் சரியாக உட்காராமல் இருக்கக்கூடும்.