படகு வாங்குமுன், கேரவன் கட்டுமுன்: டெல்டாக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடி அசைந்து தின்பது யானை, அசையாமல் தின்பது வீடு என்பார்கள். வீட்டையே சக்கரத்தில் ஏற்றினால் இரண்டு வகையிலும் தின்னும் என்பது என் மச்சான் கேம்பர் வேன் கட்டிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்பே நான் 18 அடி நீள ஃபைபர் படகு ஒன்றைப் பழசாக விலைக்கு வாங்கி, கையைச் சுட்டுக்கொண்டிருந்தேன். திருத்துறைப்பூண்டிப் பக்கம் யாராவது "போட்டு ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன்" என்றால் இப்போதெல்லாம் என்னிடம் அனுப்பிவிடுகிறார்கள். அவர்களிடம் டீக்கடையில் சொல்வதுதான் இது.

முதல் தவறு, பெயின்ட்டைப் பார்த்து மயங்குவது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகைக் கரையோரம் கட்டுமரங்கள் கிடந்த இடத்தில் ஃபைபர் படகுகள் வந்து நிறைந்தன. இன்று கைமாறி வரும் படகு எத்தனை கை பார்த்ததோ, 2018 கஜா புயலில் எங்கே மோதியதோ, புது நீலப் பெயின்ட் அதையெல்லாம் சொல்லாது. நீங்கள் பார்க்க வேண்டியது பின்பலகை, அதாவது அவுட்போர்டு என்ஜின் தொங்கும் இடம். பெரும்பாலும் வெளியே ஃபைபர், உள்ளே ப்ளைவுட். போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கினால் உள்ளே இருக்கும் ப்ளைவுட் இற்றுப்போகும். வெளியே பளபளப்பு அப்படியே இருக்கும். என் படகில் முதல் மழைக்காலம் முடிந்து என்ஜினைக் கழற்றியபோது அந்த ஓட்டையிலிருந்து காப்பி டிகாஷன் மாதிரி தண்ணீர் வடிந்தது. விரலை விட்டுக் குடைந்தால் டீயில் நனைத்த ரஸ்க் போல மரம் கையோடு வந்தது. அதைச் சரிசெய்ய, படகு வாங்கிய விலையில் கால்வாசி போயிற்று.

அதனால் வாங்கப் போகும்போது ஒரு ஸ்பேனரை எடுத்துப் போங்கள். அதன் பிடியால் பலகையை அங்குலம் அங்குலமாகத் தட்டுங்கள். நல்ல மரம் 'டக் டக்' என்னும். இற்ற மரம் 'பொத் பொத்' என்று அடியை உள்ளே வாங்கிக்கொள்ளும். தேங்காய் தட்டி வாங்கும் காது போதும். பிறகு என்ஜினின் காலை, அதாவது தண்ணீருக்குள் இறங்கும் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழுமாக அழுத்துங்கள். பலகையும் சேர்ந்து அசைந்தால் விலை பேசாமல் கிளம்பிவிடலாம். அடிப்பகுதியில் அம்மை போட்டது போல் கொப்புளம் தெரிந்தால் ஃபைபருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

மராமத்துக்கும் காலம் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் ஃபைபர் மேட்டும் ரெசின் பசையும் வைத்து ஒட்டச் சொன்னால் ஈரத்தில் சரியாகப் பிடிக்காது. சரி, வெயில் வரட்டும் என்று சித்திரைக்குத் தள்ளினால் அங்கே வேறு சிக்கல்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறி மராமத்துக்கு நிற்கும். வேலை தெரிந்த கைகள் அங்கே போய்விடும். உங்கள் குட்டிப் படகை யார் கண்டுகொள்வார்கள்? தை, மாசிதான் தோது.

என்ஜினைப் பற்றி ஒரே பேச்சு: உப்புத் தண்ணீரில் ஓட்டிவிட்டு அப்படியே தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள். ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீர் டிரம்முக்குள் என்ஜினின் காலை இறக்கி, கியர் போடாமல் பத்து நிமிஷம் ஓட விடுங்கள். ஓடும்போது பின்னால் நூல் பிடித்த மாதிரி தண்ணீர் பீய்ச்ச வேண்டும். அது மெலிந்தால் பம்ப்பின் ரப்பர் இம்பெல்லர் தேய்ந்திருக்கிறது, அல்லது உப்பு அடைத்திருக்கிறது. கியர் ஆயில் மோர் நிறத்தில் வந்தால் சீல் போயிற்று. இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. அது ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கப்போகிற படகின் டேங்கில் பழைய பெட்ரோலை விட்டுவைத்தால் கார்புரேட்டர் வேலை நிச்சயம். ஓட்டும் செலவு இதற்கெல்லாம் கீழேதான்: 10 குதிரைசக்தி என்ஜின் முழு வேகத்தில் மணிக்குச் சுமார் 4 லிட்டர் குடிக்கும். நான் மாதத்துக்கு நாலு மணி நேரம்கூட ஓட்டுவதில்லை. நிற்கிற படகுதான் காசைக் கேட்கிறது. தண்ணீரிலேயே விட்டால் அடியில் கொட்டலசு (ஒட்டிக்கொண்டு வளரும் ஓட்டுயிர்) பிடிக்கும், கரையில் விட்டால் வெயில் தின்னும்.

அடுத்தது டெல்டாவுக்கே உரிய தவறு. வாசலில் ஆறு ஓடுகிறதே என்று படகு வாங்குவது. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். அதுவும் அணையில் நீர் இருந்தால். மற்ற மாதங்களில் ஆறு என்பது மணலும் நாணலும். தண்ணீர் வந்தாலும் கல்லணைக்குக் கீழே பிரியும் காவிரி, வெண்ணாறு, அவற்றின் கிளைகள் எல்லாம் வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் ஏற்பாடுதான். வழி நெடுக ரெகுலேட்டர், மதகு, தலை இடிக்கும் பாலம். மன்னார்குடியில் படகேறிக் கடல் பார்க்கலாம் என்று ஒரு சம்பந்தி வீட்டார் என்னிடம் கேட்டார்கள். முதல் ஷட்டர் வரை போகலாம் என்றேன்.

படகுக்கு நிஜமான இடம் கழிமுகம்தான். கொள்ளிடம் கடலில் சேரும் பழையாறு, பாமணியாறும் கோரையாறும் வந்து விழும் முத்துப்பேட்டை. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் போக வனத்துறையின் அனுமதி வேண்டும். உள்ளே பல இடங்களில் ஆழம் இடுப்பளவுகூட இருக்காது. வத்தம் நேரத்தில், அதாவது கடல் நீர் இறங்கும்போது நுழைந்தால் ப்ரொப்பெல்லர் சேற்றைக் கடையும். அடுத்த ஓதத்தில் நீர் ஏறும்வரை கொசுவோடு உட்கார வேண்டியதுதான். உட்கார்ந்திருக்கிறேன், மூன்று மணி நேரம். மீன்பிடிக்கப் போகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்கியிருக்கலாம். லைஃப் ஜாக்கெட், ஆளுக்கு ஒன்று, மடித்து வைக்க அல்ல.

இனி வேன். மச்சான் ஒரு பழைய டெம்போ டிராவலரை வாங்கி, சீட்டைக் கழற்றி, கட்டில், அடுப்பு, டாய்லெட் எல்லாம் வைத்தார். ஊரில் சின்னப் பிள்ளைகள் 'சினிமா கேரவன்' என்று பின்னாலேயே ஓடி வந்தார்கள். அவர் செய்த பெரிய தவறு ஏசி. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் 1800 வாட்-மணி. லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுசு போகும், ஆக 900. ஒரு டன் ஏசி ஒரு மணி நேரத்திலேயே சுமார் 1000 வாட்-மணி இழுக்கும். முதல் ராத்திரி பதினோரு மணிக்கு எல்லாரும் வேர்த்து எழுந்து வெளியே பாய் போட்டார்கள். கூரையில் இருக்கும் 200 வாட் சோலார் நல்ல வெயிலில் நாளுக்கு முக்கால் யூனிட் (750 வாட்-மணி) தந்தால் பெரிது. 30 வாட் ஃபேன் எட்டு மணி நேரம் ஓடினால் கால் யூனிட்தான். இப்போது இரண்டு ஃபேனும் கொசுவலை அடித்த ஜன்னலும்தான் ஓடுகின்றன. ஏசி வீட்டு ஹாலுக்கு வந்துவிட்டது.

எடையையும் அவர் கணக்குப் பார்க்கவில்லை. 18 மி.மீ. ப்ளைவுட் ஒரு முழு ஷீட் சுமார் 35 கிலோ. 150 லிட்டர் தண்ணீர் 150 கிலோ. இப்படியே ஏற்றிவிட்டு, மழை பெய்த மறுநாள் திருவாரூர்ப் பக்கக் களிமண் வரப்போரம் ஒதுக்கினால் டிராக்டரைத்தான் கூப்பிட வேண்டும். டயரில் பட்டன் தேயவில்லையே என்று ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது. நின்றே கிழமாகும் வண்டியில் ஓடிய கிலோமீட்டரைவிட அந்த எண்ணுக்குத்தான் மதிப்பு.

ஆர்.டி.ஓ. அனுமதியில்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுக்கு மாறானது. மாற்றத்தை ஆர்.சி.யில் ஏற்றி, இன்ஷூரன்ஸ்காரர்களிடமும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். விபத்து நடந்த பிறகு சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

அந்த டாய்லெட்டைக் காலி செய்வது யார் என்பதையும் வேன் கட்டுமுன்பே பேசி முடியுங்கள். எங்கள் வீட்டில் அது பேசாமல் விட்டதால் என் தலையில் விழுந்தது. தயவுசெய்து வாய்க்காலில் கொட்டாதீர்கள். வீட்டு செப்டிக் டேங்க் வரை பொறுமையாகக் கொண்டுவாருங்கள்.

ஆனால் அந்த டாய்லெட்தான் எங்களுக்குக் கிடைத்த பெரிய சந்தோஷமும். அத்தைக்குச் சர்க்கரை. வெளியூர்ப் பயணம் என்றாலே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் கிளம்புவார். போன மாசியில் திங்களூரில் ஆரம்பித்து ஒன்பது நவக்கிரகக் கோவில்களையும் மூன்று நாளில் நிதானமாகப் பார்த்தார். வேண்டியபோது தண்ணீர் குடித்தார், மத்தியானம் வேனிலேயே படுத்துத் தூங்கினார். திரும்பும் வழியில் முத்துப்பேட்டையில் அவரைப் படகில் ஏற்றினேன். நடுவில் என்ஜினை அணைத்தேன். மடவை மீன் துள்ளி விழும் சத்தம் தவிர வேறொன்றும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அடுத்த தடவை இந்தப் போட்டையும் வேனுக்குப் பின்னால கட்டி இழுத்துட்டு வாங்களேன், மாப்பிள்ளை" என்றார்.

டிரெய்லர் என்ன விலை என்று மச்சான் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.