கூலன்ட் சென்சாரைக் கழற்றாமலே சோதிக்கலாம்

எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தின் சூட்டை அளக்கும் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் மீது சந்தேகமா? உடனே புதிது வாங்க வேண்டாம். இரவு முழுக்க நின்ற காரில், காலையில் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ஓபிடி ஸ்கேனரில் (காரின் கணினித் தகவலைப் படிக்கும் கருவி) கூலன்ட் வெப்பநிலையையும் இன்டேக் ஏர் (எஞ்சினுக்குள் போகும் காற்று) வெப்பநிலையையும் பாருங்கள். சாதாரண புளூடூத் ஸ்கேனரே போதும். இரண்டும் நாலைந்து டிகிரிக்குள் இருந்தால், குளிர்ந்த நிலையில் சென்சார் சரியாகவே சொல்கிறது.

இரவில் எஞ்சின், கூலன்ட், உள்ளே இருக்கும் காற்று எல்லாமே ஒரே வெப்பநிலைக்கு வந்துவிடும். அதனால் ஒரு சென்சாரை வைத்து இன்னொன்றைச் சரிபார்க்கலாம். கூலன்ட் மட்டும் மைனஸ் 40 என்று காட்டினால், முதலில் கனெக்டரையும் ஒயரையும் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் இணைப்பு விட்டிருக்கும். சென்சார் பல கார்களில் தெர்மோஸ்டாட் பக்கத்திலோ சிலிண்டர் ஹெட்டிலோ, பொதுவாக இரண்டு ஒயர் கனெக்டருடன் இருக்கும்.

சில மணி நேரம் முன்பு ஓட்டிய வண்டிக்கு இந்த ஒப்பீடு பொருந்தாது. சூடான பிறகு மட்டும் தவறு செய்யும் சென்சாரும் இதில் தப்பிவிடும். அதற்கு எஞ்சினை ஓடவிட்டு, அளவு குதிக்காமல் சீராக 80, 90 டிகிரி வரை ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். டாஷ்போர்டு முள்ளுக்கென்று தனி சென்சார் உள்ள பழைய கார்களில், முள் காட்டும் கோளாறை ஸ்கேனர் சொல்லாது. ஓபிடி போர்ட்டே இல்லையென்றால் மல்டிமீட்டர்தான் வழி: பெரும்பாலான சென்சார்களில் சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறைய வேண்டும். கழற்றுவதாக இருந்தால் எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு மட்டும். சூட்டில் கூலன்ட் பீறிட்டு அடிக்கும்.