‘மணி’யும் ‘மணிக்கு’ம் ஒன்றல்ல: ஆற்றல் அலகுகளை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்கோட்டில் என்னிடம் இயற்பியல் படிக்கும் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி, தன் வீட்டுத் தக்காளித் தோட்டத்து மோட்டாரின் தகட்டைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தாள்: 5 குதிரைத்திறன், 3.7 கிலோவாட். அதன் கீழே ‘மணிக்கு 3.7 கிலோவாட் மின்சாரம்’ என்று எழுதியிருந்தாள். கணக்கு இன்னும் தொடங்கவே இல்லை. தவறு அதற்குள் நுழைந்துவிட்டது.

கிலோவாட் ஆற்றல் அல்ல, திறன். அதாவது ஆற்றல் செலவாகும் வேகம். ஆற்றலை அளக்கும் அலகு ஜூல். ஒரு வாட் என்றாலே விநாடிக்கு ஒரு ஜூல்தான். அதில் இன்னொரு ‘மணிக்கு’ சேர இடமில்லை. அந்த வேகத்தை மோட்டார் ஓடிய நேரத்தால் பெருக்கினால் வருவது கிலோவாட் மணி, நாம் ‘யூனிட்’ என்று சொல்வது. ‘மணி’ என்றால் பெருக்கல், ‘மணிக்கு’ என்றால் வகுத்தல். அந்த ‘க்கு’ எத்தனை விடைத்தாள்களைக் கெடுத்திருக்கிறது! இரண்டு மணி நேரம் ஓடினால் 7.4 யூனிட். மீட்டரில் இதைவிடக் கூடுதலாகவே ஓடியிருக்கும். தகட்டில் உள்ளது மோட்டார் வெளியே தரும் திறன். உள்ளே இழுப்பது அதைவிட அதிகம்.

அடுத்து ஜூல். ஆயிரம் வாட், 3600 விநாடி. ஆக ஒரு யூனிட் 36 லட்சம் ஜூல். இதை ‘36 மெகாஜூல்’ என்று எழுதிவிடுகிறார்கள். மெகா லட்சம் அல்ல, பத்து லட்சம். சரியான விடை 3.6 மெகாஜூல். ஆயிரத்துக்கு மேல் நம் எண்கள் நூறு நூறாக ஏறுகின்றன; மெட்ரிக் முன்னொட்டுகள் ஆயிரம் ஆயிரமாக ஏறுகின்றன. இந்தக் கணக்கில் மட்டும் லட்சத்தை மறந்து, பத்தின் அடுக்குகளில் எழுதுவதே நல்லது. சின்ன ‘எம்’ மில்லி, பெரிய ‘எம்’ மெகா என்பதையும் கவனியுங்கள். இடைவெளி நூறு கோடி மடங்கு.

பவர் பேங்கில் உள்ள மில்லி ஆம்பியர் மணி ஆற்றலே அல்ல. வோல்ட்டால் பெருக்க வேண்டும். 10,000 மில்லி ஆம்பியர் மணி, 3.7 வோல்ட் என்றால் 37 வாட் மணி.

மிக அதிகம் பேர் இடறுவது கலோரியில். 100 கிராம் ராகியில் சுமார் 320 ‘கலோரி’ என்று எல்லோரும் சொல்கிறோம். ஒரு கலோரி 4.184 ஜூல் என்று பாடத்தில் படித்தவர் பெருக்கி, 1339 ஜூல் என்று விடை எழுதுகிறார். அந்த ஆற்றல் ஒரு லிட்டர் தண்ணீரை அரை டிகிரிகூடச் சூடாக்காது! களி தின்று நாள் முழுக்க ஏர் ஓட்டிய ஊர் இது. விடையைப் பார்த்ததும் சந்தேகம் வர வேண்டாமா? உணவில் கலோரி என்று சொல்வது கிலோகலோரியை. பேச்சில் ‘கிலோ’ உதிர்ந்துவிட்டது. சரியான விடை 1339 கிலோஜூல். நான்கு லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் மாங்கூழ் டப்பா கிடைத்தால் அதன் லேபிளைப் பாருங்கள். கிலோஜூல், கிலோகலோரி இரண்டும் இருக்கும். முன்னதைப் பின்னதால் வகுத்தால் 4.2ஐ ஒட்டி வர வேண்டும்.