எலும்புப் புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா? நெஞ்சு சிடி எடுக்கப் போகிறவர்களுக்கு

தம்பிக்கு முழங்காலுக்கு மேலே ஆஸ்டியோசார்கோமா என்ற எலும்புப் புற்றுநோய் என்று மதுரையில் சொன்ன அன்று நாங்கள் எல்லோரும் அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தோம், டாக்டர் நெஞ்சுக்கு சிடி ஸ்கேன் எழுதிக் கொடுத்தது எதற்கென்றே புரியவில்லை. இந்த நோய் ரத்தம் வழியாகப் பரவும், பரவினால் பெரும்பாலும் போய்த் தங்கும் இடம் நுரையீரல்தான்.

நெஞ்சு எக்ஸ்ரே நார்மல் என்று வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். சின்னக் கட்டிகள் இதயத்துக்குப் பின்னால், விலா எலும்பு நிழலில் மறைந்துவிடும். சிடி 1 மில்லிமீட்டர் கனத்தில் அடுக்கடுக்காகக் காட்டுவதால் 2, 3 மில்லிமீட்டர் புள்ளிகூடத் தெரியும், இதற்குப் பெரும்பாலும் கான்ட்ராஸ்ட் ஊசியும் (படத்தில் ரத்தக் குழாய்கள் பளிச்சென்று தெரியப் போடும் மருந்து) வேண்டியதில்லை. முடிந்தால் பயாப்சிக்கு (கட்டியில் துளி சதை எடுத்துச் சோதிப்பது) முன்பே எடுத்துவிடச் சொல்லுங்கள், அதற்குக் கொடுக்கும் மயக்க மருந்துக்குப் பிறகு நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கியிருந்தால் படத்தில் குழப்பம் வரும்.

அப்புறம் மூச்சு. இழுத்துப் பிடிக்கச் சொல்லும் அந்தச் சில நொடிகளில் மூச்சு விட்டால் படம் கலங்கி, சின்னப் புள்ளி காணாமல் போகும். முதல் நாள் ராத்திரி உசிலம்பட்டியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அவனை உட்காரவைத்து அம்மா விரல் மடக்கிப் பத்து வரை எண்ண, அவன் கன்னம் உப்பப் பிடித்துப் பழகினான்.

பெட் சிடி என்ற இன்னொரு ஸ்கேன் எடுத்தாயிற்றே, இது எதற்கு என்று கேட்பார்கள். அது உடம்பு முழுக்கப் பார்க்க நல்லது, ஆனால் எடுக்கும்போது மூச்சு ஓடிக்கொண்டே இருப்பதால் சின்னக் கட்டிகள் தப்பிவிடும்.

ரிப்போர்ட்டில் 'நாட்யூல்' (சின்ன உருண்டைப் புள்ளி) என்ற வார்த்தையைப் பார்த்ததும் இடிந்து போகாதீர்கள். பழைய காசநோய்த் தழும்பும் அப்படித்தான் தெரியும், நம் பக்கம் அது நிறையப் பேருக்கு உண்டு. சுண்ணாம்பு படிந்திருக்கிறது, பயமில்லை என்று நீங்களாக முடிவு கட்டவும் கூடாது, ஏனென்றால் ஆஸ்டியோசார்கோமா கட்டியிலும் சுண்ணாம்பு படியும். சந்தேகமானால் சில வாரம் கழித்து மறுபடி எடுத்து, வளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

அதற்குத்தான் பழைய சிடி ஸ்கேன் படம் வேண்டும். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படம் உள்ள குறுந்தட்டைக் கேட்டு வாங்குங்கள். எங்களுடைய முதல் தட்டைத் திருமங்கலம் பஸ்ஸில் மஞ்சள் பையோடு விட்டுவிட்டோம், அடுத்த ஸ்கேனில் தெரிந்த 4 மில்லிமீட்டர் புள்ளி புதிதா பழையதா என்று சொல்ல யாராலும் முடியவில்லை. இப்போது ஒவ்வொன்றையும் பென் டிரைவிலும் ஏற்றி, தேதி எழுதி வைக்கிறேன்.

ஒன்று மட்டும் ஸ்கேன் தேதிக்காகக் காத்திருக்கக் கூடாதது: திடீரென நெஞ்சு வலித்து மூச்சு வாங்கினால் நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருக்கலாம், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.