பையருக்கு மெயில்: நோ சூனர் வந்தா எந்தக் காலம் போடறது?

திருப்பூர் பனியன் கம்பெனிகள்ல மெர்ச்சண்டைசிங் சீட்டுக்கு, அதாவது பையர்னு சொல்ற துணி வாங்கற கம்பெனியோட ஆர்டரைப் பாத்துக்கற வேலைக்கு, புதுசா வர்ற பசங்களோட இங்கிலீஷ் மெயிலைத் திருத்தறது என் வேலைங்க. துணி, ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்ங்கறது), கலர் எல்லாம் பிசகாது. ஒண்ணு நடந்த உடனே இன்னொண்ணு நடந்துச்சுன்னு சொல்ல நோ சூனர்னு ஆரம்பிச்சாத்தான் சிக்கல்.

நோ சூனருக்கு ஜோடி தேன். ஹார்ட்லி, ஸ்கேர்ஸ்லி ரெண்டுக்கும் ஜோடி வென். மாத்திக் கட்டி வெச்சறாதீங்க. இந்த மூணும் எது முன்னாடி, எது பின்னாடின்னு சொல்ற ஆளுக. அதனால முந்தி முடிஞ்ச வேலைக்கு ஹேட் போட்டு வினையோட மூணாவது வடிவம், அடுத்து நடந்ததுக்கு வெறும் சிம்பிள் பாஸ்ட்:

நோ சூனர் ஹேட் தி ஃபேப்ரிக் அரைவ்ட் தேன் வீ ஸ்டார்ட்டட் கட்டிங்.

கேள்வி கேக்கறாப்பல ஹேட் எழுவாய்க்கு முன்னால வந்தறோணும். ஹேட்டுக்குப் பதிலா டிட் போட்டாலும் சரிதான். அப்ப அரைவ்ட் இல்லை, அரைவ். டிட் அரைவ்ட்னு பாத்தா செவப்புப் பேனா தானா கைக்கு வந்துரும்.

2011 ஜனவரியில சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி ஹைகோர்ட் உத்தரவு போட்டுச்சுல்லீங்க, அதை எழுதணும்னா: ஹார்ட்லி ஹேட் தி கோர்ட் கிவன் இட்ஸ் ஆர்டர் வென் தி ஓனர்ஸ் பிகேன் டு வொர்ரி.

தெனமும் நடக்கறதுக்கு டஸ்: நோ சூனர் டஸ் தி பவர் கோ தேன் தி ஜெனரேட்டர் ஸ்டார்ட்ஸ்.

இனிமேல் நடக்கப்போற வேலைக்கு நோ சூனரை விட்டுட்டு ஆஸ் சூன் ஆஸ் எழுதுங்க. அங்கயும் அப்ரூவல் கம்ஸ்தான்; வில் பின்பாதிக்கு மட்டும். ‘ஆஸ் சூன் ஆஸ் தி அப்ரூவல் வில் கம்’னு எழுதாத மெயிலை நம்மூர்ல தேடித்தான் புடிக்கோணும்.

ஈதர்-ஆர் மாதிரி ஜோடிக காலத்தைக் கட்டிப் போடாது. எப்ப நடந்துதோ அந்தக் காலம், அவ்வளவுதான். ஈதர் தி பையர் ஹேஸ் ஃபர்காட்டன் அஸ் ஆர் ஹீ இஸ் வெயிட்டிங் ஃபார் எ லோயர் ப்ரைஸ். ரெண்டு பாதி, ரெண்டு காலம், ரெண்டும் சரி. (பெரும்பாலும் ரெண்டாவதுதான் நெசம்.)

நாட் ஒன்லி வாக்கியத்துக்குத் தலையில வந்தா டிட் கேக்கும்: நாட் ஒன்லி டிட் வீ ஃபினிஷ் செக்கிங், பட் வீ ஆல்சோ பேக்ட் தி கார்ட்டன்ஸ். நடுவுல வெச்சுட்டா அந்தத் தொல்லையே இல்லைங்க.

நைதர்-நார்ல காலத்தை விட ஒருமை பன்மைதான் இடறும். வினைக்குப் பக்கத்துல நிக்கறதைப் பாருங்க: நைதர் தி பட்டன்ஸ் நார் தி லேபிள் ஹேஸ் கம். பட்டன்ஸ் கடைசியில நின்னா ஹேவ்.