தோள்பட்டைத் தசை முடிச்சை அழுத்திக் கையை அசைக்கும் முறை: தொடக்க நிலையினருக்கு

மதுரையின் செல்லூரில் தறியில் அமர்வோரிடமும், மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் நாள் முழுவதும் மல்லிகை தொடுப்போரிடமும் பேசினால், தோளின் முன்பக்கம் குடைகிறது, கூந்தலில் பூ வைக்கக் கை பின்னால் போகவில்லை என்று சொல்பவர்களைக் காணலாம். அவர்கள் பெரும்பாலும் வலிக்கும் முன்பக்கத்திலேயே தைலம் தேய்க்கிறார்கள். ஆனால் அந்த வலி, பின்புறத் தோள்பட்டை எலும்பின் மேல் படர்ந்துள்ள இன்ஃப்ராஸ்பினேட்டஸ் என்னும் தசையின் முடிச்சிலிருந்து, அதாவது இறுகிப்போய் அழுத்தினால் வலிக்கும் இடத்திலிருந்து, வரக்கூடும். அமெரிக்க அதிபர் கென்னடியின் மருத்துவராக இருந்த ஜேனட் டிராவெல், டேவிட் சைமன்ஸுடன் சேர்ந்து, எந்தத் தசையின் வலி எங்கே பரவும் என்று வரைபடங்களாகவே பதிவு செய்தார். முடிச்சு உருவாகும் காரணம் பற்றி ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

நெஞ்சு வலி, வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவற்றோடு கை வலித்தால் எதையும் அழுத்தாமல் உடனே 108-ஐ அழையுங்கள். கீழே விழுந்து அடிபட்டவர்கள், கை மரத்துப்போனவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்கள் ஆகியோர் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இன்னொருவர் பிடித்துத் தூக்கினாலும் கை நகரவில்லை என்றால் அது தோள் மூட்டு இறுக்கமாக இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு இது கூடுதலாக வருவதால், அவர்கள் முடிச்சு என்று எண்ணி நாளைக் கடத்தக் கூடாது.

முதலில், வலிப்பவர் வலிக்கும் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுசெல்ல, கட்டைவிரல் முதுகெலும்பில் எந்த உயரம் வரை எட்டுகிறது என்று உதவியாளர் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, வலிப்பவர் முக்காலியில் அமர்ந்து, அந்தக் கையை எதிர்த் தோளின் மேல் வைக்கட்டும். தோள்பட்டை எலும்பில் குறுக்காக ஓடும் மேட்டைத் தொட்டறிந்து, அதற்குக் கீழுள்ள தசையை விரல் நுனியால் மெல்ல வருடினால், கயிறு போன்ற ஓர் இறுக்கம் தட்டுப்படும். அதை அழுத்தும்போது முன்தோளிலோ மேற்கையிலோ பழகிய அதே வலி தோன்றினால், தேடிய இடம் அதுவே. இந்தத் தேடலுக்கு அவசரப்படாதீர்கள். இடம் தவறினால் எவ்வளவு அழுத்தியும் பயனில்லை.

பிறகு, நகம் வெட்டிய கட்டைவிரலால் செங்குத்தாக, படிப்படியாக அழுத்துங்கள். வலியைப் பத்துக்கு எவ்வளவு என்று கேட்டு, ஐந்து அல்லது ஆறில் நிறுத்தி, 30 முதல் 60 நொடிகள் வரை அப்படியே வைத்திருங்கள். எண்ணெய் வேண்டாம், விரல் வழுக்கும். வலி தணிந்தால் சரி. ஏறினால் அழுத்தத்தைக் குறையுங்கள்.

வலி தணிந்ததும், விரலை எடுக்காமல் இலேசாக வைத்துக்கொண்டு, அவர் கையைக் கீழிறக்கி, முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கியபடி, முன்கையை உள்ளும் புறமுமாக ஐந்தாறு முறை மெதுவாகத் திருப்பட்டும். என் கருத்தில், அழுத்திவிட்டு இந்த அசைவைச் செய்யாதவர்களுக்கே பிடிப்பு விரைவில் திரும்புகிறது. தனியாக இருப்பவர்கள் சுவருக்கும் தசைக்கும் இடையில் டென்னிஸ் பந்தை வைத்துச் சாயலாம்.

இறுதியாக, கட்டைவிரல் எட்டும் உயரத்தை மீண்டும் பாருங்கள். நாளுக்கு ஒரு முறை போதும். மறுநாள் இலேசான நோவு இருக்கலாம். இரண்டு வாரங்களில் எட்டும் உயரம் கூடவில்லை என்றால், அரசு இராசாசி மருத்துவமனையிலோ அருகிலோ உள்ள இயன்முறை மருத்துவரிடம் காட்டுங்கள்.