ராமநாதபுரம் கரையில் கைவினை செய்யும் பெண்களைத் தேடும்போது நடக்கும் தவறுகள்

ராமேஸ்வரம் கோயில் வீதிகளில் சிப்பி மாலை, சோழிக் கொலுசு, சங்கு வளையல், ஓலைத் தொப்பி எல்லாம் கிடைக்கும். அங்கே தொங்குவதெல்லாம் இந்த ஊர்ப் பெண்கள் செய்தது என்று நம்பி வாங்குவதுதான் முதல் தவறு. உள்ளூரில் செய்ததும் வெளியூரிலிருந்து மூட்டையில் வந்ததும் ஒரே கம்பியில்தான் தொங்கும். "இது உள்ளூர்ச் சரக்கா?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். அதற்குப் பதிலாக, "இதே மாதிரி கொஞ்சம் சின்னதாக, வேறு நிறத்தில் செய்து தருவார்களா?" என்று கேட்டுப் பாருங்கள். செய்தவரைத் தெரிந்த கடைக்காரர் போனை எடுப்பார். தெரியாதவர் பேச்சை மாற்றுவார்.

முத்து விஷயத்தில் இன்னும் கவனமாக இருங்கள். மன்னார் வளைகுடாவின் பெரிய முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது. "நம்ம கடல் முத்து" என்று மலிவாக யாராவது தோடு நீட்டினால், அழகாக இருந்தால் வாங்குங்கள், கதைக்காக வாங்காதீர்கள்.

அடுத்த தவறு, கடையைத் தேடி அலைவது. இந்தக் கரையில் குழந்தைச் சாமான்களும் பெண்களுக்கான பை, தோடு, மாலையும் செய்கிறவர்களில் பலருக்குப் பலகை மாட்டிய கடை கிடையாது. வீட்டுத் திண்ணைதான் பட்டறை. சாயல்குடி, கடலாடி பக்கம் பனை அதிகம், ஓலை வேலையை அங்கே விசாரிக்க வேண்டும். சிப்பி, சங்கு வேலைக்கு ராமேஸ்வரம் தீவும் கீழக்கரையும். கைத்தறித் துணியில் தைத்த குழந்தைச் சட்டையோ சுருக்குப் பையோ வேண்டுமென்றால் கரையிலிருந்து சற்று உள்ளே, பரமக்குடி, எமனேஸ்வரம் நெசவாளர் தெருக்கள் வரை போகலாம்.

யாரிடம் விசாரிப்பது? கிராமத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு ஊராட்சி அளவில் ஒரு கூட்டமைப்பு இருக்கும். எந்த வீட்டில் யார் முடைகிறார், யார் தைக்கிறார் என்பது அந்தக் கூட்டமைப்பு அக்காக்களுக்கு அத்துப்படி. கலெக்டர் அலுவலகத்தில் மகளிர் திட்ட அலுவலகத்தையும் கேட்கலாம். ஏர்வாடி சந்தனக்கூடு, கோயில் திருவிழா, வாரச்சந்தை என்று கூட்டம் சேருகிற இடங்களில், தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் நின்று பேசுங்கள். அவர் கை சும்மா இருக்காது. விற்றுக்கொண்டே அடுத்த பெட்டியை முடைந்துகொண்டிருப்பார். அதைவிட நல்ல அத்தாட்சி கிடையாது.

குழந்தைகளுக்கு வாங்கும்போது நடக்கும் தவறுகளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஆபத்து இருக்கிறது. "கையால் செய்தது, இயற்கையானது, அதனால் பாதுகாப்பானது" என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். பனையோலைக் கிலுகிலுப்பையையே எடுத்துக்கொள்வோம். சத்தம் வருவதற்காக உள்ளே சிறு கல்லோ விதையோ போட்டிருப்பார்கள். முடைந்தது தளர்ந்தால் அது வெளியே விழும், குழந்தை வாயில் போடும். அதனால் வாங்கும் முன்பே விரலால் நன்றாக அழுத்தி, திருகிப் பாருங்கள். இடைவெளி விடுகிறதென்றால் வேண்டாம். உள்ளே இருப்பது என்ன விதை என்றும் கேளுங்கள். குன்றிமணி என்றால் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த அந்த அழகான விதை கொடிய விஷம். முழுதாக விழுங்கினால் சில நேரம் அப்படியே வெளியேறிவிடும், கடித்து உடைத்தாலோ, கோப்பதற்குத் துளை போட்டிருந்தாலோ விஷம் உடலில் இறங்கும். குழந்தையின் கைக்காப்பில் மட்டுமல்ல, பால் குடிக்கும் பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாயின் கழுத்து மாலையிலும் அது வேண்டாம். முழுச் சிவப்பாக இருக்கும் மஞ்சாடி வேறு விதை. ஆனால் பிள்ளையின் தொண்டையில் அதுவும் சிக்கும்.

சாயமும் அப்படித்தான். பச்சை, ரோஸ் என்று பளிச்சென்று இருக்கும் ஓலைப் பொருளை ஈரத் துணியால் ஒரு தடவை துடைத்துப் பாருங்கள். துணியில் நிறம் ஒட்டினால் அது சொப்பு வைத்து விளையாடும் பெரிய பிள்ளைக்கு வேண்டுமானால் ஆகலாம், எதையும் வாயில் வைக்கும் வயதுக்கு ஆகாது. "சாயம் போடாமல் செய்து கொடுங்கள்" என்று சொன்னால் பெரும்பாலும் சந்தோஷமாகச் செய்வார்கள், அவர்களுக்கு ஒரு வேலை மிச்சம். ஓலையின் ஓரம் விரலைக் கீறுகிறதா, ஈர்க்கு நுனி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள்.

வாங்கி விற்க நினைப்பவர்களுக்கு ஒன்று. 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்திய அரசின் கைவினைப்பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் தாங்களே செய்து விற்கும் பொம்மைகளுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. அதனால் முத்திரை இல்லையே என்று முகம் சுளிக்காமல், கைவினைஞர் அடையாள அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்த அட்டையைப் பெற அவர்களுக்கு உதவுங்கள்.

பெண்களுக்கான கடல் நகைகளில் ஒரு தவறு சட்டத்திலேயே மாட்டிவிடும். பவளப்பாறைத் துண்டு, கடல்விசிறி, காய்ந்த கடல்குதிரை, நாட்டிலஸ் போன்ற சில ஓட்டு வகைகள் எல்லாம் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. லாக்கெட்டாக்கித் தந்தாலும் வாங்கக் கூடாது. பூஜைச் சங்கு அந்தப் பட்டியலில் இல்லை. நாம் கேட்பதை நிறுத்தினால்தான், 21 தீவுகளைச் சுற்றி மிச்சமிருக்கும் பவளப்பாறை பிழைக்கும்.

அப்புறம், நேரம். வளைகாப்புக்கோ காதுகுத்துக்கோ 200 சின்னப் பெட்டி வேண்டும் என்று ஐப்பசியில் போன் செய்து பத்து நாளில் கேட்பவர்கள் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை இங்கே அடைமழைக் காலம். குருத்தோலை வெயிலில் காயாது, அவசரத்தில் ஈரத்தோடு முடைந்து அனுப்பினால் உங்கள் வீட்டில் போய்ப் பூஞ்சை பிடிக்கும். நல்ல வெயில் மாதங்களிலேயே சொல்லிவைத்து, முதலில் நாலைந்து மாதிரி வாங்கிப் பார்த்துவிட்டு முழு ஆர்டர் கொடுங்கள். முன்பணமும் கொடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. படகு வேலையை நம்பிய வீடுகளில் அந்த இரண்டு மாதமும் பெண்ணின் கைவேலைதான் அடுப்பை எரிய வைக்கும். அந்த நேரத்தில் கிடைக்கும் ஆர்டருக்கு மதிப்பே தனி.

விலையைப் பிளாஸ்டிக் கூடையோடு ஒப்பிட்டுப் பேரம் பேசாதீர்கள். மரமேறிக் குருத்து வெட்டியவருக்குக் கூலி, காய வைத்தது, கிழித்தது, சாயம் காய்ச்சியது எல்லாம் போகத்தான் முடைந்தவருக்கு மிச்சம். ஒருவர் யோசித்துச் செய்த பையைப் படம் பிடித்து, இன்னொருவரிடம் "இதே மாதிரி குறைச்சலாகச் செய்து கொடுங்கள்" என்று நீட்டுவதும் வேண்டாம்.

நல்லவர் ஒருவரைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் அவர் போன் நம்பரையும் முகத்தையும் எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிடுகிறோம். பல வீடுகளில் அந்தப் போன் கணவருடையதோ மகனுடையதோ, ராத்திரி பத்து மணிக்கு முன்பின் தெரியாதவர்கள் கூப்பிட்டால் வீட்டில் சங்கடம் அவருக்குத்தான். "அக்கா, உங்கள் நம்பரை மற்றவர்களுக்குக் கொடுக்கலாமா, எத்தனை மணிக்குக் கூப்பிடச் சொல்லட்டும்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். குழுத் தலைவி நம்பரைக் கொடுக்கச் சொன்னால் அதை மட்டும் கொடுங்கள்.